தோட்டப்புறத்தில் பாம்புக்கடி: ஒரு வரலாறு



விடியுமுன் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரக் காட்டுக்குள் நடந்த தலைமுறையிடம், எதற்கு அஞ்சினீர்கள் என்று கேட்டால் புலிக்கு என்பார் சிலர். யானைக்கு என்பார் சிலர். அவை என்றோ ஒருநாள் வந்தவை. அன்றாடம் காலடியில் கிடந்த அச்சம் பாம்பு ஒன்றுதான். அந்த அச்சம் நம் மக்களிடம் எப்படி இருந்தது, மருத்துவம் அதை எப்படி எதிர்கொண்டது என்பதை இன்றைய உரையில் பார்ப்போம்.

நம் முன்னோர் கப்பலேறி இங்கே வந்தபோது மூட்டை முடிச்சுகளோடு பாம்புகளின் பெயர்களையும் கொண்டு வந்தார்கள். தமிழ்நாட்டில் ஆளைக் கொல்லும் பாம்புகள் என்று நால்வரைச் சொல்வது வழக்கம். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்பவை அவை. இந்த நால்வரில் ஒருவர்கூட மலாயாவில் கிடையாது என்றால் நேயர்களில் பலர் வியப்படையலாம். இங்கே படமெடுக்கும் நாகங்கள் உண்டு; ஆனால் அவை தமிழ்நாட்டு நல்ல பாம்பின் ஒன்றுவிட்ட தம்பிமார்கள். வடக்கே ஒற்றை வட்டம் கொண்ட நாகமும், மற்ற இடங்களில் நஞ்சைத் துப்பும் கறுப்பு நாகமும் வாழ்கின்றன. கட்டு விரியன் இனத்தில் வேறு வகைகள் இங்குள்ளன. கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் அறவே இல்லை. பெயர் மட்டும் கடல் கடந்து வந்து, வேறு பாம்பின்மேல் ஒட்டிக்கொண்டது. தரையில் பருத்துச் சுருண்டு கிடந்ததைக் கண்டால் விரியன் என்றார்கள். பின்னர் அந்த விரியனுக்கு ஊரில் செய்த வைத்தியத்தையே இங்கும் செய்தார்கள். இதில் எத்தனை ஆபத்து இருந்தது என்பதைப் போகப் போகச் சொல்வோம்.

இந்நாட்டின் வடபகுதித் தோட்டங்களில், அதாவது கெடா, பெர்லிஸ், பினாங்கின் பெருநிலப் பகுதி ஆகிய இடங்களில், நம்மவர்களை மிகுதியாகக் கடித்த பாம்பு குழிவிரியன். மலாய்க்காரர்கள் இதனை ‘ஊலார் காப்பாக் போடோ’ என்பர். முட்டாள் கோடரிப் பாம்பு என்று பொருள். கோடரி என்றது அதன் முக்கோணத் தலையை. முட்டாள் என்றது ஏன்? ஆள் வரும் சத்தம் கேட்டால் சாரைப் பாம்பு ஓடிவிடும். நாகம்கூடப் பெரும்பாலும் விலகிப்போகும். இதுவோ அசையாது. தன் நிறத்தை நம்பி அப்படியே கிடக்கும். செம்மண்ணும் சருகும் கலந்த நிறம். முதுகின் இருபுறமும் கரும்பழுப்பு முக்கோணங்கள். ஒரு மீட்டருக்கும் குறைந்த நீளம். ரப்பர் இலை உதிர்ந்து கிடக்கும் நிலத்தில் பகலில்கூட இதனைப் பிரித்தறிவது கடினம். மிதித்தால் கடிக்கும். கடித்த பிறகும் ஓடாது. அந்த இடத்திலேயே சுருண்டு கிடக்கும். மணிக்கணக்கான பின்பு தேடிப்போனவர்கள் அதனை அதே இடத்தில் கண்டதுண்டு. ஒருவரைக் கடித்த இடத்துக்கு உதவிக்கு ஓடிவந்தவரையும் அது கடிக்கக்கூடும் என்பது இதனால் விளங்கும்.

முட்டாள் என்று பெயர் வைத்தவர்கள் அதன் முகத்தை அருகில் பார்த்திருக்க மாட்டார்கள். கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவே இருபுறமும் ஒவ்வொரு குழி இருக்கிறது. குழிவிரியன் என்ற பெயரே அதனால் வந்ததுதான். அந்தக் குழி வெப்பத்தை உணரும் உறுப்பு. கும்மிருட்டில் ஓர் எலி அருகே வந்தால், அதன் உடற்சூட்டைக் கொண்டே அது எந்தப் பக்கம், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று விரியன் கண்டுகொள்ளும். இரவில் இரை தேடும் பிராணிக்கு இதைவிட நல்ல விளக்கு வேறு இல்லை. விரியன் இனத்தில் பல குட்டி போடுபவை, இது முட்டையிடும். இட்ட முட்டைகளைச் சுற்றிப் படுத்து, அவை பொரியும் வரை தாய் காவல் இருக்கும். இந்தப் பாம்புக்கு முதன்முதல் அறிவியல் பெயர் 1824இல் வைக்கப்பட்டது. ஜாவாத் தீவிலும் தாய்லாந்து, கம்போடியா, லாவோஸ், வியட்நாம் நாடுகளிலும் இது உண்டு.

இதனிடம் கடிபட்டவர்கள் யார் என்று பார்த்தால் பெரும்பாலோர் மரம் வெட்டும் தொழிலாளர்களே. கடிபட்ட இடம் பெரும்பாலும் பாதமும் கணுக்காலும்தான். உலகத்துக் கால்களுக்கெல்லாம் ரப்பர் அடிபோட்ட காலணியைக் கொடுத்த மரத்தின் கீழே, அந்தப் பாலை எடுத்தவர்கள் பல்லாண்டுக் காலம் வெறுங்காலோடு நடந்தார்கள். எந்த மருந்தையும்விட மலிவான பாதுகாப்பு ஒரு ஜோடிக் காலணி. அது தோட்டத்துக் காலுக்கு வந்துசேர இத்தனை காலம் ஆனதை நாம் சிறிய செய்தியாகக் கருதவில்லை.

கடித்தால் என்ன செய்தார்கள்? முதலில் கயிற்றாலோ துணியாலோ இறுகக் கட்டுவார்கள். கையில் இருக்கும் உளியால் கடிவாயைக் கீறி இரத்தத்தை வடிய விடுவார்கள். யாராவது வாய் வைத்து உறிஞ்சுவார்கள். பிறகு லயத்துக்குத் தூக்கி வந்து வேப்பிலையைத் தின்னக் கொடுத்து, கசக்கிறதா இனிக்கிறதா என்று கேட்பார்கள். கசந்தால் விஷம் ஏறவில்லையாம். மந்திரிப்பவர் வருவார். பலர் பிழைத்தார்கள், சிலர் காலை இழந்தார்கள், சிலர் இறந்தார்கள். பிழைத்தவர்களால் மந்திரத்துக்குப் பெயர் வந்தது.

நம் மக்கள் மட்டும் இப்படி என்று எண்ணிவிடக் கூடாது. வெள்ளைக்கார வைத்தியர்களும் இதே இருட்டில் தடவிக்கொண்டிருந்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை மாகாணத்தில் ‘தஞ்சாவூர் மாத்திரை’ என்று ஒன்று பாம்புக்கடிக்குப் புகழ்பெற்றிருந்தது. அதில் பாஷாணம் சேர்ந்திருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியில் பணிபுரிந்த பாட்ரிக் ரஸ்ஸல் என்ற மருத்துவர், பிராணிகளைக் கொண்டு அந்த மாத்திரையைச் சோதித்துப் பார்த்து, சொல்லப்பட்ட அளவுக்கு அதில் பயனில்லை என்று கண்டார். சோழமண்டலக் கரையோரப் பாம்புகளைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1796இல் வெளிவந்தது. கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் அவர் பெயரே நிலைத்துவிட்டது. நூறாண்டு கழித்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கடிவாயைக் கத்தியால் கீறிப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் என்னும் ஊதா நிறப் பொடியைத் திணிப்பது இந்தியாவில் பெரிய மருத்துவர்களாலேயே பரப்பப்பட்டது. அந்தப் பொடி நஞ்சை முறிக்கவில்லை. நல்ல சதையைத்தான் வேகவைத்தது.

உண்மையான மருந்துக்கு வழி பிறந்தது நமக்கு அண்டையிலேதான். வியட்நாமின் சைகோன் நகரில் 1891இல் ஓர் ஆய்வுக்கூடத்தை நிறுவிய பிரெஞ்சு மருத்துவர் ஆல்பர்ட் கால்மெட். அந்நாட்டின் தெற்கே ஒரு வெள்ளத்தின்போது நாகங்கள் ஊருக்குள் புகுந்து பலரைக் கடித்தன. பிடிபட்ட நாகங்கள் அவரிடம் அனுப்பப்பட்டன. நஞ்சைச் சிறிது சிறிதாகப் பிராணிக்கு ஏற்றினால் அதன் இரத்தத்தில் நஞ்சை முறிக்கும் சக்தி உண்டாகிறது என்பதை அவரும், பாரிசில் தனியே ஆய்ந்த வேறு இருவரும் 1894இல் அறிவித்தார்கள். பின்னர் குதிரைகளுக்கு நஞ்சேற்றி, அவற்றின் இரத்த நீரிலிருந்து விஷமுறிவு ஊசி மருந்து தயாராயிற்று. இதே கால்மெட்தான், காச நோய்க்காக நம் பிள்ளைகளின் தோளில் போடுகிறார்களே, பி.சி.ஜி. ஊசி, அதில் நடுவிலுள்ள ‘சி’ என்னும் எழுத்துக்கு உரியவர். நம் தோளிலுள்ள தழும்பில் அவர் பெயர் பாதி எழுதியிருக்கிறது எனலாம்.

நாக நஞ்சுக்கு எதிரான மருந்து எல்லாப் பாம்புக்கும் கேட்கும் என்று கால்மெட் முதலில் நம்பினார். அது தவறு என்பதைப் பிரேசில் நாட்டு வித்தால் பிராசில் முதலியோர் மெய்ப்பித்தனர். பூட்டுக்கு ஏற்ற சாவி போல, ஒவ்வொரு வகைப் பாம்புக்கும் அதற்குரிய மருந்து வேண்டும். நாம் முதலில் சொன்ன பெயர்க் குழப்பம் இங்கேதான் உயிரோடு விளையாடுகிறது. தமிழ்நாட்டின் நால்வருக்கெனத் தயாராகும் மருந்து நம் குழிவிரியனை முறிக்க உதவாது. இங்குள்ள பாம்புகளுக்குரிய மருந்து பாங்காக் நகரிலிருந்து வருகிறது. அங்கே செஞ்சிலுவைச் சங்கத்தைச் சேர்ந்த சவோவபா அரசியார் நினைவு நிலையம் 1922இல் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அங்குப் பாம்புப் பண்ணையும் தொடங்கியது. நம் அரசாங்க மருத்துவமனைகள் இன்றும் அந்த நிலையத்தின் மருந்துகளைப் பயன்படுத்துகின்றன.

இனிப் பினாங்கு பெரிய ஆஸ்பத்திரிக்கு வருவோம். 1950களில் அங்குப் பணியாற்றிய ஆங்கிலேய மருத்துவர் டாக்டர் அலிஸ்டர் ரீட். அக்காலத்தில் பாம்பு நஞ்சைப் பற்றிய அறிவு பெரும்பாலும் எலி, முயல்களிடம் பெற்ற அறிவு. மனிதருக்கு என்ன நேர்கிறது என்பதைக் கட்டிலருகே நின்று பொறுமையாகப் பார்த்து எழுதியவர்கள் மிகக் குறைவு. ரீட் அதைச் செய்தார். முதலில் கடற்பாம்பு. வலையிழுக்கும் மீனவர்கள் கடிபட்டு வந்தார்கள். உடம்பெல்லாம் தசை வலி, தாடை இறுக்கம், பிறகு கறுத்த சிறுநீர். கடற்பாம்பின் நஞ்சு மனிதரின் தசைகளைச் சிதைக்கிறது என்றும், சிதைந்த தசையின் நிறமே சிறுநீரில் வருகிறது என்றும் அவர் எடுத்துக்காட்டினார். அதற்கான மருந்து ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் தயாராகி, 1960களின் தொடக்கத்தில் பினாங்கில் வெற்றியோடு பயன்படுத்தப்பட்டது.

அதே ஆண்டுகளில் தோட்டங்களிலிருந்து வந்த விரியன்கடி நோயாளிகளையும் ரீட்டும் அவருடன் பணிபுரிந்த உள்நாட்டு மருத்துவர்களும் ஆராய்ந்தார்கள். அவர்களது கட்டுரைகள் 1963இல் பெரிய மருத்துவ ஏடுகளில் வெளிவந்தன. தோட்டத்து மக்களின் கால்களிலிருந்து உலகம் கற்றுக்கொண்ட பாடம் என்று அவற்றைச் சொன்னால் மிகையாகாது. அவர்கள் கண்டவற்றுள் மூன்றை மட்டும் இங்கே சொல்வோம்.

முதலாவது, கடித்த பாம்பெல்லாம் நஞ்சைச் செலுத்துவதில்லை. விரியன் கடித்து வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு நஞ்சின் விளைவு ஒன்றுமில்லை, அல்லது மிகச் சிறிது. பாம்புக்கு நஞ்சு இரையைக் கொல்ல இருக்கும் முதல். மிதித்தவரை விரட்டுவதற்காக அதை முழுவதும் செலவழிக்க வேண்டியதில்லை. மந்திரம் ஏன் பலித்தது என்பதற்கு விடை இதில் இருக்கிறது. நஞ்சு ஏறாதவருக்கு வேப்பிலையும் பலிக்கும், விபூதியும் பலிக்கும், ஒன்றுமே செய்யாமலிருந்தாலும் பலிக்கும். நஞ்சு ஏறியவருக்கோ, மந்திரிப்பில் போன இரண்டு மணி நேரம் திரும்பி வராது.

இரண்டாவது, அச்சம். பாம்பு கடித்ததும் உடல் சில்லிட்டு, வியர்த்து, நாடி தளர்ந்து, நினைவு தடுமாறி விழுபவர்களில் பலர் நஞ்சால் விழுவதில்லை. பயத்தால் விழுகிறார்கள் என்று ரீட் கண்டார். அத்தகையவருக்கு மருந்தே இல்லாத ஊசியைப் போட்டாலும் சிறிது நேரத்தில் எழுந்து உட்காருவார். ஆதலால் கடிபட்டவரைச் சூழ்ந்துகொண்டு ஒப்பாரி வைக்கும் நம் பழக்கம் அவருக்கு இன்னொரு கடி.

மூன்றாவது, இரத்தம். இதனை விளக்கத் தோட்டத்து நேயர்களுக்கு ஸ்டோரில் நடக்கும் வேலையே போதும். பாலில் அமிலம் ஊற்றினால் உறைந்து கட்டியாகிறது. அம்மோனியா கலந்து வைத்தால் உறைவதில்லை. நம் இரத்தத்திலும் உறைவதற்கான நார்ப்பொருள் கரைந்து இருக்கிறது. காயம் பட்டால் அது வலைபோல் பின்னி இரத்தத்தை நிறுத்துகிறது. குழிவிரியன் நஞ்சு அம்மோனியாவைப் போல உறைவதைத் தடுப்பதில்லை. உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த நார்ப்பொருளை வலுவில்லாத சிறு துணுக்குகளாக்கிச் செலவழித்துவிடுகிறது. துணுக்குகளை உடல் அகற்றிவிடும். மிஞ்சுவது உறையாத இரத்தம். மருந்து கொடுக்காவிட்டால் இந்நிலை பல நாள், சிலருக்கு வாரக்கணக்கிலும் நீடித்தது. இத்தகைய உடம்பில் உளியால் கீறினால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்! கீறாமல் விட்டால் பெரிதாகக் கசியாத இரத்தம், கீறிய வாயிலிருந்து நிற்காமல் வடியும்.

கட்டுப் போடுவதும் அவ்வாறே. இந்த விரியனின் நஞ்சு கடித்த இடத்தில் வீக்கமும் கொப்புளமும் உண்டாக்கிச் சதையை அழுகச் செய்வது. இறுகக் கட்டினால் நஞ்சு ஓரிடத்தில் தேங்கும். இரத்த ஓட்டமும் நிற்கும். காலைக் காப்பாற்றக் கட்டிய கட்டே காலுக்கு எமனாகும். விஷமுறிவு ஊசி இரத்தத்தை மீண்டும் உறையச் செய்வதில் சிறப்பாக வேலை செய்தது. அழுகத் தொடங்கிய சதையை மட்டும் அதனால் மீட்க முடியவில்லை. விரைந்து போக வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனாலேதான்.

இரத்தம் உறையாமலே பல நாள் நோயாளி நடமாடுகிறாரே என்பதைக் கண்ட ரீட்டுக்கு வேறொரு யோசனையும் தோன்றியது. இரத்தக் குழாயில் கட்டி அடைத்துத் துன்புறுவோருக்கு இந்த நஞ்சையே மருந்தாக்கினால் என்ன? 1960களின் பிற்பகுதியில் பிரிட்டனில் அந்தப் பொருளைத் தனியே பிரித்தெடுத்து ‘ஆர்வின்’ என்ற பெயரில் மருந்தாக்கினார்கள். சில நாடுகளில் அது பல ஆண்டுகள் பயன்பட்டது. பிற்காலத்தில் மூளை இரத்த அடைப்புக்கு அதைக் கொடுத்துச் செய்த பெரிய சோதனைகள் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. ஆனால் பிரேசில் நாட்டுக் குழிவிரியன் ஒன்றின் நஞ்சை ஆராய்ந்ததன் வழியாக உருவான ‘காப்டோபிரில்’ 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்று இரத்த அழுத்தத்துக்காக நம் தாத்தா பாட்டிமார் விழுங்கும் மாத்திரைகளில் பல அதன் வழித்தோன்றல்கள்.

ரீட் பினாங்கில் பாம்பு நஞ்சு ஆய்வு நிலையம் ஒன்றை அமைத்தார். பிறகு இங்கிலாந்து திரும்பி லிவர்பூலில் பணியைத் தொடர்ந்து, 1983இல் மறைந்தார். அங்குள்ள நஞ்சு ஆய்வுப் பிரிவுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

விரியனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் ராஜநாகம் கோபித்துக்கொள்ளும். 1937இல் நெகிரி செம்பிலானில், போர்ட்டிக்சன் அருகே பிடிபட்ட ராஜநாகம் ஒன்று லண்டன் மிருகக்காட்சிசாலைக்குப் போய், 5.71 மீட்டர் நீளம் வளர்ந்தது. நஞ்சுள்ள பாம்புகளில் அளந்து பதிவு செய்யப்பட்ட நீளத்தில் அதுவே பெரிது. 1939இல் போர் மூண்டபோது, குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஊருக்குள் போய்விடுமே என்று அஞ்சி அதனைக் கொன்றுவிட்டார்கள். ராஜநாகம் பெரும்பாலும் மற்றப் பாம்புகளைத் தின்று வாழ்வது. மனிதரைக் கடிப்பது அரிது. கடித்தால் மூச்சை நிறுத்தும். நாகம், கட்டு விரியன் ஆகியவற்றின் கடியில் முதல் அடையாளம் கண்ணிமை தொங்குவது. கட்டு விரியன் கடி வலிக்காமலும் இருக்கலாம். வலியில்லை என்று படுத்து உறங்கிவிடக் கூடாது.

1960களிலிருந்து ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு எலி வந்தது. எலிக்குப் பாம்பு வந்தது. வெட்டி அடுக்கிய மட்டைகளின் கீழ் நஞ்சு துப்பும் நாகமும் மலைப்பாம்பும் குடியிருக்கின்றன. முன்பு காலுக்கு இருந்த ஆபத்து, உதிரிப்பழம் பொறுக்குபவரின் கைக்கும் வந்துவிட்டது. மட்டையைக் கையால் புரட்டாமல் கொக்கியால் இழுத்த பின்னரே பழத்தைப் பொறுக்குவது நல்லது. துப்பிய நஞ்சு கண்ணில் பட்டால் உடனே ஏராளமான சுத்த நீரால் நெடுநேரம் கழுவி, மருத்துவமனைக்குப் போக வேண்டும். வேலையிடத்தில் பாம்பு கடித்தால் அதனை வேலை விபத்தாக எழுதிவைக்கச் சொல்லுங்கள். 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி பெர்கேசோவிடம் கோரிக்கை வைக்க இடமுண்டு.

இறுதியாக, மருத்துவமனைகளில் அடிக்கடி எழும் ஒரு சச்சரவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ‘பாம்பு கடித்து ஒரு மணி நேரமாகிறது, டாக்டர் இன்னும் ஊசி போடவில்லை, ஏழை என்று பார்க்கிறார்கள்’ என்று உறவினர்கள் கொதிப்பார்கள். அவர்கள் கோபம் நமக்குப் புரிகிறது. காத்திருந்தே ஏமாந்த மக்கள் நாம். ஆனால் இந்த ஊசி குதிரையின் இரத்த நீரிலிருந்து வருவது. சிலர் உடம்புக்கு அது ஒவ்வாமல் மூச்சடைக்கும். நஞ்சு ஏறாத பாதிப்பேருக்கும் அதைப் போட்டால், பாம்பு விட்ட உயிரை மருந்து எடுத்துவிடலாம். ஆகவே மருத்துவர் வீக்கத்தின் எல்லையைப் பேனாவால் கோடிட்டுப் பார்ப்பார், இமையைப் பார்ப்பார். புதிய, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் சிறிது இரத்தம் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்துச் சாய்த்துப் பார்ப்பதும் உண்டு. இரத்தம் உறையாமல் தண்ணீராக ஓடினால் விரியன் நஞ்சு ஏறிவிட்டது என்று பொருள். உறைந்திருந்தால் நோயாளியைப் படுக்கவைத்து, சோதனைகளைத் திரும்பத் திரும்பச் செய்வார்.

அதற்கு அவருக்கு நம்மிடமிருந்து வேண்டியவை சிலவே. கடித்த நேரம் என்ன, கடித்த பாம்பு எப்படி இருந்தது என்பவை. பாம்பை அடித்துப் பையில் போட்டுக் கொண்டுபோக வேண்டாம். அறுந்த தலைகூடக் கடிக்கும். தள்ளி நின்று தொலைபேசியில் ஒரு படம் எடுத்தால் போதும். மோதிரம், காப்பு, கொலுசு இவற்றை வீங்குமுன் கழற்றிவிடுங்கள். கடிபட்ட காலை அசையாமல் வைத்து, நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள்.